தடைக்குள் பிறந்த கட்சி: ஹைதராபாத் மக்கள் ஜனநாயக முன்னணியின் வரலாறு

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் 1951 இறுதியில் தொடங்கி 1952 தொடக்கம்வரை நடந்தபோது, நாட்டின் பிற பகுதிகளில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தன் சொந்தப் பெயரிலேயே வாக்குக் கேட்க, திருவிதாங்கூர்-கொச்சியிலும் ஹைதராபாத்திலும் அக்கட்சி மீதான தடை நீங்காமலே இருந்தது. திருவிதாங்கூர்-கொச்சியில் கம்யூனிஸ்டுகள் இடதுசாரிகளின் ஐக்கிய முன்னணி என்ற பொதுக்குடையின்கீழ் நின்றனர். ஹைதராபாத்தில் மக்கள் ஜனநாயக முன்னணி என்ற புதிய பெயரில், மக்கள் வாயில் பி.டி.எஃப். என்று வழங்கிய கட்சியாக, களமிறங்கினர். பத்தாண்டுக்கு மேல் நீடிக்காத இந்தக் கட்சிக்கு இன்று அலுவலகம் இல்லை, ஆண்டுவிழா இல்லை. தெலங்கானா ஆயுதப் போராட்டத்தைப் பற்றிய நூல்கள் அதைத் தம் கடைசிப் பக்கங்களிலும், ஆந்திரப் பிரதேச அரசியலைப் பற்றிய நூல்கள் தம் முதல் பக்கங்களிலும் ஓரிரு வரிகளில் கடந்துவிடுவதே பெருவழக்கு. ஆனால் ஐந்தாண்டுக் காலம் துப்பாக்கி ஏந்திய ஓர் இயக்கம், அதைக் கீழே வைத்த சில மாதங்களுக்குள் ஒரு சட்டமன்றத்தின் முதன்மை எதிர்க்கட்சியாக எழுந்தது எப்படி என்பதும், எழுந்த வேகத்திலேயே அது ஏன் சுருங்கியது என்பதும், இந்தச் சிறு கட்சியின் வரலாற்றைப் பார்க்காமல் விளங்கக்கூடியவை அல்ல.

ஹைதராபாத் என்று அன்று சொன்னது இன்றைய நகரத்தை மட்டும் குறிக்கவில்லை. நிஜாம் மீர் உஸ்மான் அலி கானின் ஆட்சியில் இருந்த அந்தச் சமஸ்தானம் தெலுங்கு பேசும் தெலங்கானா, மராத்தி பேசும் மராத்வாடா, கன்னடம் பேசும் மேற்கு மாவட்டங்கள் என மூன்று மொழிப் பகுதிகளைச் சேர்த்துக் கட்டியதாக இருந்தது; ஆட்சிமொழியோ அம்மூன்றும் அல்லாத உருதுவாக இருந்தது. நிலத்தின் ஒரு பகுதி நிஜாமின் சொந்தச் செலவுக்கென ஒதுக்கப்பட்ட சர்ஃப்-இ-காஸ் நிலமாகவும், ஒரு பகுதி பிரபுக்களுக்கு வழங்கப்பட்ட ஜாகீர்களாகவும், எஞ்சியது அரசு நேரடியாக வரி வசூலித்த திவானி நிலமாகவும் பிரிந்து கிடந்தது. இந்த மூன்றாம் வகையில்தான் தேஷ்முக்குகள் வளர்ந்தனர். வரி வசூலிப்பவர்களாகத் தொடங்கி, அந்த முறை ஒழிந்தபின் பதிவேடுகள் தம் கையில் இருந்ததைப் பயன்படுத்தி ஆயிரக்கணக்கான ஏக்கர்களுக்கு உடைமையாளர்களான இக்குடும்பங்கள், கிராமத்தின் கைவினைச் சாதிகளிடமும் தாழ்த்தப்பட்டோரிடமும் வெட்டி என்ற கூலியில்லாக் கட்டாய வேலையைப் பெற்று வாழ்ந்தன. சலவைத் தொழிலாளி துணி வெளுப்பதும், குயவர் பானை கொடுப்பதும், தோல் தொழிலாளி செருப்பு தைப்பதும், எல்லாம் தேஷ்முக்கின் வாசலுக்குச் செலுத்த வேண்டிய கடமைகளாகவே கருதப்பட்டன.

இதை எதிர்த்து எழுந்த அமைப்பு தொடக்கத்தில் ஓர் அரசியல் அமைப்பே அல்ல. தெலுங்கு மொழிக்கும் கல்விக்கும் நூலகங்களுக்கும் இடம் கேட்டுப் படித்தவர்கள் தொடங்கிய ஆந்திர மகாசபை, 1930இல் ஜோகிப்பேட்டையில் தன் முதல் மாநாட்டை நடத்தியபோது அதன் தீர்மானங்கள் சமூகச் சீர்திருத்தத்தின் எல்லையைத் தாண்டவில்லை. நல்கொண்டா மாவட்டத்தின் பொல்லேபள்ளியில் 1908இல் நிலவுடைமைக் குடும்பமொன்றில் பிறந்த ராவி நாராயண ரெட்டி 1941இல் சில்கூர் மாநாட்டுக்குத் தலைமையேற்ற பின்னரே அச்சபை குத்தகையையும் வெட்டியையும் பற்றிப் பேசத் தொடங்கியது. 1944இல் புவனகிரி மாநாட்டில் மிதவாதிகள் விலகிப்போக, சபை இடதுசாரிகளின் கைக்கு வந்தது. அப்படிப் பிரிந்த மிதவாதிகளின் முன்னணியில் இருந்தவர் புர்குல ராமகிருஷ்ண ராவ் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். எட்டாண்டுகள் கழித்து ஹைதராபாத் சட்டமன்றத்தில் முதலமைச்சர் இருக்கையில் அவரும் எதிர்க்கட்சி இருக்கைகளில் ராவி நாராயண ரெட்டியின் தோழர்களும் அமர்ந்தபோது, அது ஒருவகையில் அதே சபையின் பழைய வழக்கு புதிய மன்றத்துக்கு மாறியதுதான்.

கிராமத்தார் ஆந்திர மகாசபையைச் சங்கம் என்றே அழைத்தனர். நகரத்தில் அதற்கு இணையாக வேறொரு ஊற்றும் இருந்தது. 1939இல் உருவான காம்ரேட்ஸ் அசோசியேஷன் என்ற குழுவில் உருது பேசும் இளைஞர்கள், கவிஞர்கள், மாணவர்கள் கூடினர். சிட்டி கல்லூரியில் ஆசிரியராக இருந்த கவிஞர் மக்தூம் மொஹியுத்தீனும் மருத்துவம் பயின்ற ராஜ் பஹதூர் கௌரும் அவ்வழியே வந்து, ஆலைகளிலும் ரயில்வேயிலும் தொழிற்சங்கங்களைக் கட்டினர். தெலுங்குக் கிராமத்தின் சங்கமும் உருது நகரத்தின் தொழிற்சங்கமும் ஒரே கட்சியில் கலந்தது ஹைதராபாத் கம்யூனிசத்தின் தனித்தன்மை. பின்னாளில் முன்னணி பெற்ற அகலத்துக்கு விதை இங்கேதான் விழுந்தது.

ஆயுதப் போராட்டத்தின் கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. 1946 ஜூலை 4 அன்று கடவெண்டி கிராமத்தில் விஸ்னூர் தேஷ்முக்கின் ஆட்கள் சுட்டதில் தொட்டி கொமரய்யா இறந்ததை அதன் தொடக்கமாகக் கொள்வது மரபு. அதன்பின் தளங்கள் எனப்பட்ட கெரில்லாக் குழுக்கள் தோன்றின. நிஜாமின் படைக்கும், இந்தியாவுடன் இணைவதை எதிர்த்த காசிம் ரிஸ்வியின் ரஜாக்கர் படைக்கும் எதிராக அவை போரிட்டதும், கட்சியின் கணக்கின்படி ஏறத்தாழ 3000 கிராமங்களில் சங்கத்தின் நிர்வாகம் நடந்து 10 லட்சம் ஏக்கர் நிலம் பங்கிடப்பட்டதும், கெரில்லாக்களும் விவசாயிகளுமாக 4000 பேர் உயிரிழந்ததும் கட்சித் தலைவர் பி. சுந்தரய்யாவின் எழுத்துகள் வழியே பரவலாக அறியப்பட்டவை. இங்கே கவனிக்க வேண்டியது 1948 செப்டம்பருக்குப் பிந்தைய பிளவு. இந்திய ராணுவம் அம்மாதம் 13 முதல் 17 வரையிலான ஐந்தே நாட்களில் நிஜாமின் ஆட்சியை முடித்துவைத்தது. மக்கள் வெறுத்த ஆட்சி போய்விட்ட நிலையில் புதிய அரசின் ராணுவத்தோடும் சண்டையைத் தொடர்வதா என்ற கேள்வி எழுந்தது. தொடர்வது தற்கொலை என்று ராவி நாராயண ரெட்டி வாதிட்டார், அதை எழுத்திலும் வெளியிட்டார். சுந்தரய்யா உள்ளிட்ட ஆந்திரத் தலைமையோ, பங்கிட்ட நிலத்தைப் பாதுகாக்காமல் துப்பாக்கியைக் கீழே வைப்பது துரோகம் என்று கருதியது. அதே ஆண்டின் தொடக்கத்தில் கல்கத்தா மாநாட்டில் பி.டி. ரணதிவேயின் தலைமையில் கட்சி நாடு முழுவதும் கிளர்ச்சிப் பாதைக்குத் திரும்பியிருந்ததால், இரண்டாம் தரப்பின் குரலே மேலோங்கியது. விளைவாக மூன்றாண்டுகள் தளங்கள் சமவெளியிலிருந்து நல்லமலைக் காடுகளுக்கும் கோதாவரிக் கரைக் காடுகளுக்கும் பின்வாங்கிப் போரிட்டன. ராணுவத்தின் துணையோடு திரும்பி வந்த நிலப்பிரபுக்கள் பங்கிடப்பட்ட நிலத்தில் பெரும்பகுதியை மீட்டுக்கொண்டனர்.

இதற்கிடையில் நிலப் பிரச்சினையைத் துப்பாக்கிக்கு வெளியே தீர்க்கும் முயற்சிகளும் நடந்தன. 1949 ஆகஸ்ட் 15 முதல் ஜாகீர்கள் ஒழிக்கப்பட்டன. 1951 ஏப்ரல் 18 அன்று போராட்டத்தின் நெஞ்சுக்கூடான நல்கொண்டா மாவட்டத்திலேயே, போச்சம்பள்ளியில், வினோபா பாவேக்கு வெதிரே ராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கர் கொடுக்க, பூதான இயக்கம் பிறந்தது. கம்யூனிஸ்டுகளின் உள்விவாதத்தை முடித்துவைத்தது மாஸ்கோ. 1951 தொடக்கத்தில் அஜாய் கோஷ், எஸ்.ஏ. டாங்கே, சி. ராஜேஸ்வர ராவ், எம். பசவபுன்னய்யா ஆகிய கட்சித் தலைவர்கள் நால்வர் ரகசியமாகச் சென்று ஸ்டாலினைச் சந்தித்துத் திரும்பியபின், கட்சி புதிய திட்டமொன்றை வகுத்து, அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று தெலங்கானாப் போராட்டத்தை விலக்கிக்கொண்டது. தேர்தலுக்கு அப்போது சில மாதங்களே இருந்தன. கட்சி தடையில் இருந்தது; தலைவர்கள் பலர் சிறையிலோ தலைமறைவிலோ இருந்தனர்; மரண தண்டனை விதிக்கப்பட்ட தெலங்கானா விவசாயிகளுக்காக வாதாட டி.என். பிரிட் என்ற பிரிட்டிஷ் வழக்கறிஞர் இந்தியா வந்து போயிருந்தார்.

மக்கள் ஜனநாயக முன்னணி இத்தகைய நெருக்கடியின் குழந்தை. அதன் உறுப்பும் நரம்பும் கம்யூனிஸ்ட் கட்சிதான் என்பதில் அன்று யாருக்கும் ஐயம் இருக்கவில்லை, அரசுக்கும் இருந்திருக்காது. ஆயினும் அது வெறும் முகமூடி என்று சொல்லிவிடுவதும் சரியாகாது, ஏனெனில் முன்னணி என்ற வடிவமே கட்சிக்கு வெளியே உள்ளவர்களைச் சேர்த்துக்கொள்ளும் கட்டாயத்தை உண்டாக்கியது. அவர்களுள் முதன்மையானவர் சரோஜினி நாயுடுவின் மகன் மருத்துவர் என்.எம். ஜெயசூர்யா. ஜெர்மனியில் பயின்று, பெர்லினில் தன் தாய்மாமனும் புலம்பெயர்ந்த புரட்சியாளருமான வீரேந்திரநாத் சட்டோபாத்யாயாவின் வட்டத்தில் பழகி, பிறகு ஹைதராபாத்தில் ஹோமியோபதி மருத்துவராக விளங்கிய அவர், சிறையையும் காட்டையும் கண்டு வந்த தோழர்களுக்கு நடுவே நகரத்து மேல்தட்டின் மரியாதையை முன்னணிக்குத் தேடித்தந்தார். காங்கிரஸின் மிகப் பெரிய பெயர்களுள் ஒன்றான குடும்பத்தின் மகன் காங்கிரஸுக்கு எதிர்வரிசையில் நின்றது வாக்காளருக்கு எவ்வளவு பொருள்பட்டது என்று அளக்க முடியாது. ஆனால் தடைசெய்யப்பட்ட ஒரு கட்சியின் வேட்பாளரோடு கூட்டத்தில் அமர அஞ்சிய வழக்கறிஞருக்கும் ஆசிரியருக்கும் அது ஒரு துணிவைக் கொடுத்திருக்கும் என்று கருதலாம். ஹைதராபாத்தின் அரசு ஹோமியோபதி மருத்துவக் கல்லூரி இன்று ஜெயசூர்யாவின் பெயரையும் ஆந்திர மாநிலத்துக்காக உண்ணாநோன்பிருந்து உயிர்துறந்த பொட்டி ஸ்ரீராமுலுவின் பெயரையும் ஒருசேரத் தாங்கி நிற்பது, ஜெயசூர்யாவின் அரசியலைவிட மருத்துவத்தையே நகரம் நினைவில் வைத்தது என்பதற்குச் சான்று.

அந்தத் தேர்தலின் முறை இன்றைய வாக்காளருக்கு விளக்கப்பட வேண்டிய ஒன்று. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப்பெட்டி வைத்து, அதில் சின்னத்தை ஒட்டியிருப்பார்கள்; வாக்காளர் சீட்டில் எந்தக் குறியும் இடாமல் தனக்கு வேண்டியவரின் பெட்டியில் போட்டுவிடுவார். எழுதப் படிக்கத் தெரியாத பெரும்பான்மையினர் முதன்முறையாகத் தேஷ்முக்கின் பார்வை படாத மறைவிடத்தில் நின்று செய்த தேர்வு அது. 175 இடங்கள் கொண்ட ஹைதராபாத் சட்டமன்றத்தில் காங்கிரஸ் 93 இடங்களைப் பிடித்து ஆட்சிக்கு வர, முன்னணி ஏறத்தாழ 21 சதவீத வாக்குகளோடு 42 இடங்களைப் பெற்றது. சோசலிஸ்ட் கட்சிக்கு 11, விவசாயிகள் தொழிலாளர் கட்சிக்கு 10, அம்பேத்கரின் பட்டியலினக் கூட்டமைப்புக்கு 5 இடங்கள் கிடைத்தன. முன்னணியின் பலம் தெலங்கானாவின் கிழக்கு மாவட்டங்களில், போராட்டம் நடந்த அதே கிராமங்களில், திரண்டு கிடந்தது. மராத்திப் பகுதியிலும் கன்னடப் பகுதியிலும் அது பெயரளவுக்கே இருந்தது என்றாலும், மராத்வாடாவின் பீட் மக்களவைத் தொகுதியில் ராமச்சந்தர் கோவிந்த் பராஞ்ஜ்பே வென்றது ஒரு விதிவிலக்கு.

மக்களவைக்கு ஹைதராபாத் அனுப்பிய 25 பேரில் 7 பேர் முன்னணியினர். அவர்களுள் நல்கொண்டாவில் வென்ற ராவி நாராயண ரெட்டி பெற்ற 3,09,162 வாக்குகள் நாட்டிலேயே மிக அதிகம் என்றும், அலகாபாத் பகுதியில் ஜவஹர்லால் நேரு பெற்ற 2,33,571 வாக்குகளைவிடக் கூடுதல் என்றும் அன்றிலிருந்து இன்றுவரை தெலங்கானாவின் மேடைகளில் சொல்லப்பட்டு வருகிறது. இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். நல்கொண்டா இரட்டை உறுப்பினர் தொகுதி. அதாவது ஒரே வாக்காளர்கள் தலா இரண்டு வாக்கு அளித்து ஒரு பொது உறுப்பினரையும் தாழ்த்தப்பட்டோருக்கான ஓர் உறுப்பினரையும் தேர்ந்தெடுத்த பெருந்தொகுதி. எனவே எண்ணிக்கை பெரிதாவது இயல்பு. ஆனால் நேருவின் தொகுதியும் அதே இரட்டை வகையைச் சேர்ந்தது என்பதால், ஒப்பீடு பொய்யாகிவிடவில்லை. நல்கொண்டாவின் இன்னோர் இடத்தையும் முன்னணியின் சுங்கம் அச்சாலு வென்றார் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. நியாயமாகப் பார்த்தால் தலைவர் ஒருவரின் சாதனை எண்ணைவிட, நிலப்பிரபுக் குடும்பத்தில் பிறந்தவருக்கும் தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்தவருக்கும் ஒரே மாவட்டம் ஒருசேர வாக்களித்தது அல்லவா வரலாற்றாசிரியர் நிறுத்திப் பார்க்க வேண்டிய இடம்.

மற்றவர்களில் வாரங்கலில் பெண்ட்யால ராகவ ராவும், கம்மத்தில் டி.பி. விட்டல் ராவும், மேதக்கில் ஜெயசூர்யாவும் வென்றனர். கரீம்நகரில் பத்தம் எல்லா ரெட்டியிடம் தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் பி.வி. நரசிம்ம ராவ்; சோவியத் ஒன்றியம் கலைந்த 1991இல் இந்தியாவின் பிரதமராக இருந்தவர் அவரே. சட்டமன்றத்துக்கு ஆலேரிலிருந்து ஆருட்ல கமலா தேவி வந்தார். மக்தூம் மொஹியுத்தீன் 1952ஆம் ஆண்டின் இடைத்தேர்தலில் ஹுசூர்நகரிலிருந்து வந்தார். உருதுக் கவிஞர் ஒருவரைத் தெலுங்கு விவசாயிகள் தம் பிரதிநிதியாக அனுப்பியது முன்னணி என்ற ஏற்பாட்டின் மிகச் சிறந்த கணமாக இருக்கலாம். ராஜ் பஹதூர் கௌர் மாநிலங்களவைக்குச் சென்றார்.

தமிழ் வாசகருக்கு இந்த வெற்றியின் அளவு விளங்கச் சென்னை மாகாணத்தை எண்ணிப் பார்க்கலாம். அங்கே கம்யூனிஸ்டுகள் தம் சொந்தப் பெயரிலேயே நின்று 375 இடங்களில் 62 பெற்றனர், காங்கிரஸோ 152க்கு மேல் போகவில்லை. பிரகாசத்தின் தலைமையில் அமைந்த எதிர்க்கட்சிக் கூட்டணி ஆட்சி கோரியபோது ராஜாஜி அழைத்து வரப்பட்டு முதல்வரானார். சிறையில் இருந்தபடியே மதுரையில் வென்ற பி. ராமமூர்த்தி எதிர்க்கட்சித் தலைவரானார். ஹைதராபாத்தில் காங்கிரஸுக்குத் தனிப்பெரும்பான்மை இருந்ததால் அத்தகைய இழுபறி நேரவில்லை. ஆனால் அதனாலேயே முன்னணிக்கு ஆட்சி பற்றிய கனவு தலைக்கேறாமல், எதிர்க்கட்சி வேலையைக் கற்றுக்கொள்ள அவகாசம் கிடைத்தது.

பொதுத் தோட்டத்தில் 1913இல் எழுப்பப்பட்ட நகரமன்ற மாளிகையில்தான் அந்தச் சட்டமன்றம் கூடியது. முன்னணியின் சட்டமன்றக் கட்சித் தலைவரும் எதிர்க்கட்சித் தலைவருமான வி.டி. தேஷ்பாண்டே மராத்தியர், அவரைத் தேர்ந்தெடுத்ததோ தெலுங்குப் பகுதியான இப்பகூடா. நேற்றுவரை தலைக்கு விலை வைக்கப்பட்டிருந்தவர்கள் கேள்வி நேரத்தையும் ஒத்திவைப்புத் தீர்மானத்தையும் பயன்படுத்தக் கற்றுக்கொண்டனர். கைதிகள் விடுதலை, கிராமங்களில் காவல்துறை முகாம்களை அகற்றல், வெளியேற்றப்பட்ட குத்தகைதாரர்களை மீண்டும் நிலத்தில் அமர்த்தல் ஆகியவை அவர்களுடைய ஓயாத கோரிக்கைகளாக இருந்தன.

இவற்றுள் நிலப் பிரச்சினையே ஆழமானது. 1950ஆம் ஆண்டின் ஹைதராபாத் குத்தகை மற்றும் விவசாய நிலச் சட்டம், குறிப்பிட்ட ஆண்டுகள் தொடர்ந்து பயிரிட்டு வந்தவர்களைப் பாதுகாக்கப்பட்ட குத்தகைதாரர் என்று வகைப்படுத்தி, அவர்களை எளிதில் வெளியேற்ற முடியாதபடி செய்திருந்தது. காங்கிரஸ் ஆட்சியில்லாத, அதிகாரி எம்.கே. வெள்ளோடியின் நிர்வாகக் காலத்தில் வந்த அந்தச் சட்டம், தெலங்கானாக் காடுகளில் கேட்ட துப்பாக்கிச் சத்தத்தின் எதிரொலி என்பதை அக்காலத்தவர் மறைக்கவில்லை. 1954இல் புர்குல அரசு அதைத் திருத்தியபோது, அரசு அறிவிக்கை வெளியிடும் பகுதிகளில் பாதுகாக்கப்பட்ட குத்தகைதாரருக்கே நிலத்தின் உடைமை மாறும் என்ற 38-இ பிரிவு சேர்ந்தது. காகிதத்தில் இது முன்னணி கேட்டதற்குப் பெரிதும் நெருங்கி வந்தது. நடைமுறையில் நடந்ததை உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் சார்பில் பொருளியலாளர் ஏ.எம். குஸ்ரோ நடத்திய ஆய்வு காட்டியது: 1951இல் பாதுகாப்புப் பெற்ற ஒவ்வொரு 100 குத்தகைதாரரிலும் நான்கு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 45 பேரே அந்நிலையில் எஞ்சினர், 12 பேர் நிலத்தை வாங்கி உடைமையாளராயினர், சட்டப்படி வெளியேற்றப்பட்டவர் 3 பேருக்கும் குறைவு, சட்டத்துக்குப் புறம்பாக வெளியேற்றப்பட்டவர் 22 பேர், மேலும் 17 பேருக்கு மேற்பட்டோர் தாமாகவே முன்வந்து நிலத்தை ஒப்படைத்ததாகப் பதிவாகியிருந்தது. தாமாக முன்வந்து என்ற அந்தச் சொற்றொடர் எவ்வளவு மிரட்டலை மூடி மறைத்தது என்பது கிராமத்தை அறிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லாதது. முன்னணியின் சங்கடமும் இதில்தான் இருந்தது. சட்டமன்றத்தில் பேசுவதற்கு அதனிடம் 42 பேர் இருந்தனர். ஆனால் கிராம அதிகாரிகளான பட்டேலும் பட்வாரியும் அமர்ந்திருந்த கிராமச் சாவடியில் குத்தகைதாரருக்குப் பக்கபலமாக நின்ற பழைய சங்கம் இப்போது இல்லை. துப்பாக்கியைக் கீழே வைத்தது சரியான முடிவு என்றே தோன்றினாலும், துப்பாக்கியோடு சேர்த்துக் கிராமக் குழுக்களையும் கலையவிட்டது கட்சி செய்த பெரும் பிழை.

நிலத்துக்கு அடுத்து வந்த சோதனை மொழிவாரி மாநிலம். 1952 செப்டம்பரில், உள்ளூர்க்காரர் என்ற பொருளில் முல்கி எனப்பட்டவர்களுக்கு உரிய ஆசிரியர், எழுத்தர் பணிகளில் வெளியிலிருந்து வந்தவர்கள் அமர்த்தப்படுவதாக எழுந்த மாணவர் கிளர்ச்சி ஹைதராபாத் நகரில் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. ஆனால் கம்யூனிஸ்டுகள் 1940களிலிருந்தே விசாலாந்திரம் என்ற, தெலுங்கர் அனைவருக்குமான ஒரே மாநிலத்துக்காக வாதாடி வந்தவர்கள். முன்னணியும் அந்த நிலைப்பாட்டையே சுமந்தது. 1955இல் மாநில மறுசீரமைப்பு ஆணையம் தெலங்கானா சில ஆண்டுகள் தனி மாநிலமாக இருக்கட்டும் என்று பரிந்துரைத்தபோது, அதை எதிர்த்து உடனடி இணைப்பைக் கோரியவர்களில் முன்னணியினர் உரத்த குரல் உடையவர்கள். கொள்கை அளவில் இது நேர்மையான நிலை. நிஜாமின் சமஸ்தானத்தை அப்படியே ஒரு மாநிலமாக விட்டுவைப்பது பழைய ஆதிக்கத்துக்கு உயிர்கொடுப்பது என்று அவர்கள் நம்பினர். ஆனால் 1956 நவம்பர் 1 அன்று ஆந்திரப் பிரதேசம் பிறந்து, மராத்வாடா பம்பாய் மாநிலத்துக்கும் கன்னட மாவட்டங்கள் மைசூருக்கும் போனபோது, முன்னணி வாழ்ந்த வீடே பிரிக்கப்பட்டுவிட்டது.

அதற்குமுன் கடற்கரை ஆந்திராவில் இன்னோர் அடி விழுந்திருந்தது. 1955ஆம் ஆண்டு ஆந்திர மாநிலத் தேர்தலில் ஆட்சியைப் பிடிக்கப்போவதாகக் கருதப்பட்ட கம்யூனிஸ்டுகள் ஏறத்தாழ 31 சதவீத வாக்குகள் பெற்றும் 196 இடங்களில் 15ஐ மட்டுமே வென்றனர். தேர்தலுக்குச் சற்று முன் மாஸ்கோவின் பிராவ்தா நாளேடு நேருவின் அயலுறவுக் கொள்கையைப் பாராட்டி எழுதியதைக் காங்கிரஸ் துண்டறிக்கைகளில் பயன்படுத்திக்கொண்டது. தோல்வியில் சோர்ந்த அந்தக் கட்சியோடுதான் தெலங்கானாவின் முன்னணி ஒரே மாநிலக் குடும்பமாக இணைய வேண்டியிருந்தது. 1957இல் ஆந்திரப் பகுதியின் சட்டமன்றம் தொடர, தெலங்கானா மட்டும் சட்டமன்றத் தேர்தலைச் சந்தித்தபோது, ஹைதராபாத்தில் தடை நீங்கிய பின்னும் தோழர்கள் மக்கள் ஜனநாயக முன்னணி என்ற பழைய பெயரையே விட்டுக்கொடுக்காமல் நின்றனர். கிடைத்தவை 22 சட்டமன்ற இடங்களும் இரண்டு மக்களவை இடங்களும் மட்டுமே. கம்மத்தை விட்டல் ராவ் தக்கவைத்தார். நல்கொண்டாவைத் தேவுலபள்ளி வெங்கடேஸ்வர ராவ் பெற்றார். அதே 1957இல் கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் முதலமைச்சரானது, தோழர்களின் கவனத்தைத் தெலங்கானாவின் சரிவிலிருந்து திருப்பிவிட்டது.

1962 தேர்தலில் முன்னணி என்ற பெயரே இல்லை. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி ஆந்திரப் பிரதேசம் முழுவதிலும் 51 இடங்களைப் பெற்றது, ராவி நாராயண ரெட்டி மறுபடியும் நல்கொண்டாவிலிருந்து மக்களவைக்குச் சென்றார். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது மீட்சி. ஆனால் முன்னணியில் இருந்த கட்சி சாராதவர்களுக்கு இந்த மீட்சியில் இடமில்லாமல் போயிற்று. சொந்தப் பெயரைத் திரும்பப் பெற்ற கட்சி, அதன்பின் தன் வாதங்களையும் தனக்குள்ளேயே நடத்தத் தொடங்கியது. 1964இல் கட்சி இரண்டாகப் பிளந்தபோது ராவி நாராயண ரெட்டியும் மக்தூமும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியில் நிலைத்தனர், சுந்தரய்யா மார்க்சிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளரானார். முன்னணியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த தேவுலபள்ளியோ கட்சித் தோழர் டி. நாகி ரெட்டியோடு சேர்ந்து 1968இல் மார்க்சிஸ்ட் கட்சியையும் விட்டு விலகி, நாடாளுமன்றப் பாதையையே நிராகரித்த புரட்சிகரக் குழுக்களின் வழிகாட்டியானார். வாக்குப்பெட்டி வழியே தில்லி சென்றவர் வாக்குப்பெட்டியை மறுத்ததை வெறும் கொள்கை மாற்றம் என்று மட்டும் கூற முடியாது; குஸ்ரோவின் ஆய்வு காட்டிய அந்த எண்கள் அவருக்கு நேரில் தெரிந்த முகங்கள்.

அடுத்தடுத்த பிளவுகளில் பிறந்த இன்னொரு சிறு கட்சியும் ஹைதராபாத்தோடு பிணைந்தது. தெலங்கானாப் போராட்டத்தில் பங்குபெற்று, 1972 முதல் நர்சம்பேட்டைத் தொகுதியைத் தொடர்ந்து ஐந்து முறை வென்ற மத்திகாயல ஓம்கார், 1980களில் மார்க்சிஸ்ட் கட்சியிலிருந்து பிரிந்து, வேறு மாநிலங்களில் அவ்வாறே பிரிந்தவர்களோடு மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியைக் கட்டினார். சோவியத் ஒன்றியம் இல்லாமற்போன பின்னும் அக்கட்சி பெயரை மாற்றவில்லை. 2000களின் நடுவில் கேரளத்திலும் வங்காளத்திலும் இருந்த அதிருப்திக் குழுக்கள் சேர, ஐக்கியம் என்ற அடைமொழியோடு அது தொடர்ந்தது. ஓம்கார் 2008இல் காலமானார். ஐரோப்பாவின் பல கம்யூனிஸ்ட் கட்சிகள் 1991க்குப் பின் பெயரையும் கொடியையும் மாற்றிக்கொள்ள, ஹைதராபாத்தின் கட்சிகள் எவ்வளவு சிறுத்தாலும் பெயரை மட்டும் விடாததற்கு, ஒருமுறை பெயரை இழந்து பட்ட அனுபவமும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

ஆனால் சிறுத்தது மறுக்க முடியாத உண்மை. 1994இல் என்.டி. ராமராவின் தெலுங்கு தேசத்தோடு சேர்ந்து இரு கம்யூனிஸ்ட் கட்சிகளும் 19ம் 15மாகப் பெற்ற இடங்கள், 2004இல் காங்கிரஸோடு சேர்ந்து 6ம் 9மாகக் குறைந்தன. விசாலாந்திரத்தைக் கோரிய அதே இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி பின்னாளில் தனித் தெலங்கானாவை ஆதரித்தது, மார்க்சிஸ்ட் கட்சி எதிர்த்தது. 2014இல் தெலங்கானா மாநிலம் பிறந்தபோது 119 இடங்களில் இருவருக்கும் தலா ஒன்றே கிடைத்தது. 2018இல் மார்க்சிஸ்டுகள் ஓம்காரின் கட்சி உள்ளிட்ட சிறு அமைப்புகளைச் சேர்த்துப் பகுஜன இடதுசாரி முன்னணி என்ற பெயரில் நின்றனர். முன்னணி என்ற பழைய உத்திக்கு அவர்கள் திரும்பியிருந்தனர், ஆனால் 1952இல் அதற்குப் பின்னால் இருந்த நிலப்பங்கீட்டின் நினைவு இப்போது இல்லை. இரு கம்யூனிஸ்ட் கட்சிகளும் ஓரிடம்கூட வெல்லவில்லை. 2023இல் காங்கிரஸ் துணையோடு இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி சுரங்க நகரமான கொத்தகூடத்தை மட்டும் பெற்றது.

முன்னணியின் சட்டமன்ற உழைப்பில் இன்றும் நடைமுறையில் உயிரோடிருப்பது 38-இ பிரிவு. ஹைதராபாத்தைச் சுற்றியுள்ள ரங்காரெட்டி மாவட்டக் கிராமங்கள் மென்பொருள் வளாகங்களாகவும் அடுக்குமாடிகளாகவும் மாறி, அங்கே ஏக்கர் விலை கோடிகளைத் தொட்டபின், 1950களின் பாதுகாக்கப்பட்ட குத்தகைதாரர் பதிவேட்டில் பாட்டனாரின் பெயர் இருப்பதைக் காட்டி உரிமை கோரும் வழக்குகள் நீதிமன்றங்களிலும் வருவாய் அலுவலகங்களிலும் பெருகியுள்ளன. 2020இல் மாநில அரசு நிலப் பதிவேடுகளைத் தரணி என்ற மின்னணு முறைக்கு மாற்றியபோதும், உடைமையாளர் யார் என்று எளிதில் தீர்க்க முடியாமல் நின்ற நிலங்களில் இத்தகையவையும் சேர்ந்திருந்தன.